46-ம் நம்பர் பல்: அடைத்த பல் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது?

"போன தடவைதானே அடைச்சோம்... அதுக்குள்ள எப்படிப் போச்சு?"

பல் அடைத்துக்கொண்ட யாரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் கேள்வி இது. வீட்டில் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, 'டாக்டர் சரியில்லை.' இன்னொன்று, 'மெட்டீரியல் சரியில்லை.'

கும்பகோணத்தில் வசிக்கும் 63 வயது கணக்கு டீச்சர் ஒருவருக்கு இந்த இரண்டு பதில்களும் போதவில்லை. ஓய்வுபெற்றுவிட்டாலும் கணக்குப் புத்தி ஓய்வுபெறவில்லை. கீழ்த்தாடையில் வலது பக்கம் இருக்கும் ஒரே ஒரு கடைவாய்ப்பல்லுக்காக, நாற்பத்தேழு வருடங்களில் ஆறு முறை வாயைத் திறந்து படுத்திருக்கிறார். அந்தப் பல்லில் இப்போது மறுபடியும் பிரச்னை. "கேப்பைக் கழற்றித்தான் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டார் பல் டாக்டர்.

"பிடுங்கிப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்றார் கணவர். சொல்வது சுலபம். இடது பக்கத்தில் இதே இடத்துப் பல்லை 2017-ல் பிடுங்கியாகிவிட்டது. பக்கத்துப் பல் அந்த இடைவெளியில் சாய்ந்துவிட்டது. அன்றிலிருந்து தோசை முதல் சுண்டல் வரை எல்லாவற்றையும் வலது பக்கமாகவே மென்றுவருகிறார். இதுவும் போனால் எதை வைத்து மெல்வது?

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு நோட்டில் கட்டம் போட்டார் டீச்சர். எந்த வருடம், என்ன வைத்தார்கள், எத்தனை வருடம் தாங்கியது, ஏன் போனது. முதல் மூன்று கட்டங்களைப் பழைய பில்களை வைத்தும் ஞாபகத்தை வைத்தும் நிரப்பிவிட்டார். கடைசிக் கட்டத்தை நிரப்பத்தான் டாக்டரின் உதவி தேவைப்பட்டது.

டாக்டருக்கு டீச்சரின் மகள் வயதுதான் இருக்கும். நோட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, மேலே '46' என்று எழுதிக் கொடுத்தார். வாயை நான்கு பாகமாகப் பிரித்தால் கீழ் வலது நான்காவது பாகம். நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல். அதனால் 46. ஆறு வயதில் முளைக்கும் நிரந்தரப் பல் இது. பால்பல் விழாமலேயே பின்னால் முளைப்பதால், பல வீடுகளில் இதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சீக்கிரம் சொத்தையாகும் பற்களில் இது முதல் வரிசையில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

1978: வெள்ளி அடைப்பு - 23 வருடம்

டீச்சருக்கு அப்போது 16 வயது. சின்னக் கண்ணாடிக் கல்வத்தில் எதையோ போட்டு அரைத்து, துணியில் வைத்துப் பிழிந்து, பளபளவென்று ஓர் உருண்டையைப் பல்லுக்குள் அழுத்தியது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதுதான் அமால்கம், அதாவது ரசக்கலவை. ஏறத்தாழ பாதி பாதரசம்; மீதி வெள்ளி, தகரம், தாமிரம் கலந்த பொடி.

பட்டியலிலேயே அதிகக் காலம் தாங்கியது இதுதான். காரணம், அமால்கம் கொஞ்சம் பெருந்தன்மையான பொருள். வைக்கும்போது லேசாக ஈரம் பட்டாலும் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். நாளாக ஆக, அதன் ஓரத்தில் உண்டாகும் துருப் போன்ற படிவு பல்லுக்கும் அடைப்புக்கும் நடுவில் இருக்கும் நுண்ணிய இடைவெளியைத் தானே மூடிவிடும். பல வருடம் மென்றாலும் சுலபத்தில் தேயாது.

குறை எங்கே? அமால்கம் பல்லோடு ஒட்டாது. சும்மா வைத்தால் வெளியே வந்துவிடும். அதனால் உள்ளே அகலமாகவும் வாயில் குறுகலாகவும் இருக்கும்படி பல்லைக் குடைந்து அதைச் சிக்கவைக்க வேண்டும். சொத்தை சின்னதாக இருந்தாலும் நல்ல பல்லும் சேர்ந்து போகும். மிஞ்சியிருக்கும் சுவர் மெலிந்துவிடும். நடுவில் இருப்பது உலோகம். சூடு பட்டால் பல்லைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் விரியும். கும்பகோணத்துக் காபியின் சூட்டுக்கு ஒருமுறை விரிந்து, அடுத்து குடிக்கும் தண்ணீருக்குச் சுருங்கி, இப்படியே இருபத்து மூன்று வருடம்.

2001 தீபாவளிக்கு முறுக்கைக் கடித்தபோது 'டக்' என்றது. கையில் எடுத்துப் பார்த்தால் பல்லின் ஒரு சுவர். "அடைப்பு அப்படியே இருந்துச்சு டாக்டர், பல்லுதான் உடைஞ்சுது" என்றார் டீச்சர்.

"அதையே எழுதிக்குங்க டீச்சர். பழைய வெள்ளி அடைப்புல நாங்க அடிக்கடி பார்க்கிறது இதுதான்" என்றார் டாக்டர்.

அமால்கம் இப்போது மெல்ல விடைபெற்றுவருகிறது. பல்லுக்கு ஆகாது என்பதைவிட, பாதரசம் சுற்றுச்சூழலுக்கு ஆகாது என்பதுதான் முக்கியக் காரணம். 2013-ல் உருவான மினமாட்டா ஒப்பந்தத்தில் அமால்கத்தைக் குறைக்க நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியா 2018-ல் அதை உறுதிசெய்தது. ஐரோப்பிய யூனியன் 2025 ஜனவரி 1 முதல் தடையே போட்டுவிட்டது. வாயில் நன்றாக இருக்கும் பழைய வெள்ளி அடைப்பைப் பயந்துபோய்ப் பெயர்த்தெடுக்க வேண்டிய அவசியம் இல்லை. பெயர்க்கும்போதுதான் பாதரச ஆவி அதிகமாக வெளிவரும். நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

2001: வெள்ளை அடைப்பு - 7 வருடம்

உடைந்த இடத்தைப் பல் நிறத்திலேயே கட்டிக்கொடுத்தார்கள். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தது டீச்சருக்கு நினைவிருக்கிறது. இதன் பெயர் காம்போசிட். பிசினும், கண்ணாடித் தூள் போன்ற நுண்துகள்களும் சேர்ந்த கலவை. நீல வெளிச்சம் பட்டால் சில நொடிகளில் இறுகிவிடும்.

இதன் வேர் 1955-ல் இருக்கிறது. மைக்கேல் பியூனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், எனாமலின் மேல் சற்று நேரம் பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவினால் அந்த இடம் சொரசொரப்பாகி, பிசின் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது என்று கண்டார். ரஃபேல் போவன் உருவாக்கிய பிசினுக்கு 1962-ல் காப்புரிமை கிடைத்தது. இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய வெள்ளை அடைப்பு. பல்லோடு ஒட்டுவதால் சொத்தையை மட்டும் எடுத்தால் போதும். சிக்கவைப்பதற்காக நல்ல பல்லைக் குடைய வேண்டியதில்லை.

பிறகு ஏன் ஏழே வருடம்?

முதல் காரணம், ஒட்டும் இடம். எனாமல் கிட்டத்தட்ட முழுக்க முழுக்கத் தாது. அதில் ஒட்டு உறுதியாக நிற்கும். உள்ளே இருக்கும் டென்டின் அப்படியில்லை. அதில் நீரும் புரத நாரும் கலந்திருக்கின்றன. ஒட்டினாலும் வருடங்கள் போகப் போக அந்த நார்கள் சிதைந்து பிடி தளரும். டீச்சரின் பல்லில் உடைப்பு ஈறு வரை போயிருந்ததால், கீழ் ஓரத்தில் ஒட்டுவதற்கு எனாமலே மிஞ்சவில்லை.

இரண்டாவது, சுருக்கம். காம்போசிட் இறுகும்போது அதன் கன அளவில் இரண்டு, மூன்று சதவிகிதம் சுருங்கும். பெரிய குழியை ஒரே தடவையில் நிரப்பினால் அந்தச் சுருக்கம் ஓரத்தைப் பிடித்து இழுக்கும். அதனால்தான் வழக்கமான காம்போசிட்டை இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கு அடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் தனியாக வெளிச்சம் காட்டுகிறார்கள். 'ஒரு பல்லுக்கு முக்கால் மணி நேரமா?' என்று வெளியே காத்திருப்பவர் சலித்துக்கொள்ளும் நேரத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, எச்சில். ஒட்டும் நேரத்தில் ஒரு துளி எச்சிலோ ஈறிலிருந்து ரத்தமோ பட்டால் ஒட்டு பலவீனமாகிவிடும். இதைத் தடுக்க 'ரப்பர் டேம்' என்று ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பு உண்டு. வேலை செய்யும் பல்லை மட்டும் வெளியே விட்டு மீதி வாயை மூடிவிடும். 1864-லேயே அமெரிக்காவில் வந்துவிட்ட உத்தி இது.

வெள்ளியா, வெள்ளையா என்ற கேள்விக்கு ஆய்வுகளும் பதில் தேடியிருக்கின்றன. கடைவாய்ப்பல் அடைப்புகளை ஒப்பிட்டு 2014-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், அமால்கத்தைவிட காம்போசிட் தவறும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரிந்தது. ஓரத்தில் திரும்பச் சொத்தை வருவதே பெரிய வித்தியாசம். ஆனால், அந்த முடிவுக்கு அடிப்படையான முக்கிய சோதனைகள் குழந்தைகளிடம், 1990-களின் பொருட்களை வைத்துத் தொடங்கப்பட்டவை. இன்றைய பொருட்கள் மேம்பட்டிருக்கின்றன. சின்னச் சொத்தைக்குக் கவனமாக வைத்த காம்போசிட் பத்து வருடத்தைத் தாண்டுவது இப்போது சாதாரணம்.

2008: மறுபடியும் வெள்ளை - 5 வருடம்

இந்த வரிசையில் டீச்சர் 'டாக்டர் சரியில்லை' என்று ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார். டாக்டர் அதை அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு படம் வரைந்தார்: 1978-ன் குழி, அதைச் சுற்றி 2001-ன் குழி, அதையும் சுற்றி 2008-ன் குழி.

"ஒவ்வொரு தடவை பழசை எடுக்கும்போதும் பல் கொஞ்சம் போகும் டீச்சர். குழி பெருசாகும். பெரிய குழியில வைக்கிற அடைப்புக்கு வேலை ஜாஸ்தி, பிடிமானம் கம்மி. அதனால அது முன்னாடியே போகும்."

23, 7, 5. அந்த எண்களைக் கணக்கு டீச்சர் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பொருள் மட்டும்தான் காரணம் என்றால், ஒரே காம்போசிட் முதலில் ஏழும் அடுத்து ஐந்தும் ஏன் வந்தது? பல் மருத்துவத்தில் இதை ஒரு சுழற்சியாகவே பார்க்கிறார்கள். அடைப்பு, பெரிய அடைப்பு, வேர் சிகிச்சை, கேப், கடைசியில் பிடுங்கல். இந்தச் சுழற்சியை எவ்வளவு தாமதப்படுத்த முடியுமோ, அவ்வளவு நல்லது. அதனால் அடைப்பின் ஓரத்தில் சின்னக் குறை இருந்தால், முழுவதையும் பெயர்க்காமல் அந்த இடத்தை மட்டும் பழுதுபார்ப்பதையே இப்போது பல டாக்டர்கள் விரும்புகிறார்கள். 'ஒட்டுப்போடுறாரே' என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. பல் மிஞ்சுகிறது.

2013: வேர் சிகிச்சை - 11 மாதம்

ஒரு ராத்திரி தூங்கவிடாத வலி. சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது. வேர் சிகிச்சையின் நடுவில் வைத்த தற்காலிக சிமென்ட்டில் கிராம்பு வாசனை அடித்தது. துத்தநாக ஆக்ஸைடும் கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜெனாலும் சேர்ந்த அந்தப் பசை வலியை நன்றாக அடக்கும். ஆனால், தற்காலிகம் என்றால் தற்காலிகம்தான். நாளாக நாளாகக் கரைந்து, எச்சிலுக்கு வழிவிடும்.

மூன்று நடையில் வலி நின்றுவிட்டது. "அடுத்து கேப் போடணும்" என்றார்கள். அந்த வருடம் மகளுக்கு இன்ஜினீயரிங் கல்லூரியில் முதல் வருடக் கட்டணம். வலிக்காத பல்லுக்கு அவ்வளவு பணமா என்று தள்ளிப்போட்டார் டீச்சர். அவர் இடத்தில் இருக்கும் பெரும்பாலான அம்மாக்கள் எடுக்கும் முடிவுதான் அது.

வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல் உள்ளே குடையப்பட்டு, சுற்றுச்சுவர் மட்டும் நிற்கும் பல். நரம்பு இல்லாததால் வலியும் எச்சரிக்காது. மெல்லும் விசை சுவர்களை விரித்துக்கொண்டே இருக்கும். மேலே ஒரு மூடி வந்து நான்கு பக்கமும் அணைத்துப் பிடித்தால்தான் தாங்கும். பதினோராவது மாதம் இன்னொரு சுவர் பிளந்தது. நல்லவேளை, பிளவு வேருக்குள் போகவில்லை. போயிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

2014: கேப் - 11 வருடம்

உள்ளே உலோகம், வெளியே பீங்கான். ஏழு வருடம் தொந்தரவில்லை. 2021-ல் பீங்கானில் ஒரு சில்லு பெயர்ந்தது, வழவழப்பாக்கிக் கொடுத்தார்கள். அடுத்த நான்கு வருடத்தில் கேப்புக்கு அடியிலேயே சொத்தை.

"கேப் போட்டா சொத்தை வராதுன்னுதானே சொன்னாங்க?"

"கேப்புக்கு வராது டீச்சர். கேப் முடிஞ்சு பல் ஆரம்பிக்கிற கோடு இருக்கு பாருங்க, அங்க வரும்."

அந்தக் கோட்டைக் காப்பாற்றுவதில் பாதி வேலையை எச்சில் செய்கிறது. எச்சில் அமிலத்தைத் தணிக்கும், கரைந்த தாதுவைத் திரும்பக் கொடுக்கும். டீச்சருக்குச் சில வருடங்களாகவே வாய் உலர்ந்துபோகிறது. தூசு அலர்ஜிக்கு இரவில் ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒன்று. அலர்ஜி மாத்திரைகளில் பல எச்சிலைக் குறைக்கக்கூடியவை. வறட்சிக்காக அவர் கண்டுபிடித்த வழி, கன்னத்தில் ஓர் இருமல் மிட்டாயை ஒதுக்கிவைத்துக்கொள்வது. நாற்பது வருடம் வகுப்பில் கத்திய தொண்டையோடு வந்த பழக்கம். கன்னத்தில் கரையும் சர்க்கரை, எச்சில் இல்லாத வாய், கேப்பின் ஓரம். இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தப் பொருளாலும் தாங்க முடியாது.

எந்த மாத்திரையையும் டீச்சர் தானாக நிறுத்தவில்லை. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் வாய் வறட்சியைச் சொன்னார். இருமல் மிட்டாய்க்குப் பதில் கைப்பையில் இப்போது தண்ணீர் பாட்டில்.

விலை ஏறினால் ஆயுள் ஏறுமா?

கேப்பைக் கழற்றி, சொத்தையைச் சுத்தம்செய்தபோது எல்லோரும் எதிர்பார்த்திருந்தது ஒரே ஓர் அளவு. ஈறுக்கு மேலே சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டராவது நல்ல பல் மிஞ்சியிருக்கிறதா? பானையின் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் வளையம்போல, புதுக் கேப் பிடித்துக்கொள்ள அந்த உயரம் வேண்டும். மூன்று பக்கம் இருந்தது. நான்காவது பக்கம் கொஞ்சம் குறைவு. வைக்கலாம் என்றார் டாக்டர். எத்தனை வருடம் என்று மட்டும் சொல்லவில்லை.

மகள் சென்னையிலிருந்து போனில், "இருக்கறதுலயே காஸ்ட்லியா போடுங்கம்மா" என்றாள். டாக்டர் காட்டியது ஜிர்கோனியா. இப்போதிருக்கும் பீங்கான் வகைகளில் மிக உறுதியானது. விரிசல் தொடங்கும் இடத்தில் அதன் படிகங்கள் உருமாறிச் சற்று விரிந்து, விரிசலை நெருக்கி நிறுத்தப் பார்க்கும். மேலே தனிப் பீங்கான் பூச்சு இல்லாமல் ஒரே கட்டியில் கடைந்தெடுத்தால் சில்லு பெயரும் பிரச்னையும் குறைவு. பத்து வருட வாரன்டி கார்டும் தருகிறார்கள்.

டீச்சர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இது கேப்புக்கா, பல்லுக்கா?"

"கேப்புக்குத்தான் டீச்சர்."

இந்தப் பல்லில் இதுவரை கேப் உடைந்ததால் எதுவும் போகவில்லை. பல் உடைந்தது, ஓரம் சொத்தையானது, எச்சில் வற்றியது. கடைசியில் ஜிர்கோனியாவையே தேர்ந்தெடுத்தார். ஆனால், விலைப்பட்டியலின் உச்சியில் இருந்ததை அல்ல, நடுவில் இருந்ததை. மிச்சப் பணத்தை, ஈறு ஓரத்தில் தொடங்கியிருந்த வேறு இரண்டு சொத்தைகளை அடைக்கப் பயன்படுத்தினார். அங்கே வைத்தது கிளாஸ் அயனோமர் சிமென்ட். லண்டனில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கி, 1970-களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்தியது. கடிக்கும் பரப்பில் காம்போசிட் அளவுக்கு வலுவில்லை. ஆனால், பல்லின் கால்சியத்தோடு நேரடியாகவே பிடித்துக்கொள்ளும், ஃப்ளோரைடு கசியவிடும். கடி விழாத, ஈரம் தவிர்க்க முடியாத இடத்துக்கு இதுவே பொருத்தம். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே இதைச் சேர்த்திருக்கிறது. சிறந்த பொருள் என்று ஒன்று கிடையாது. இடத்துக்கு ஏற்ற பொருள்தான் உண்டு.

பல் அடைக்கும் முன் கேட்க வேண்டியவை

* சொத்தை எவ்வளவு ஆழம்? ஓரம் ஈறுக்கு மேலேயா, கீழேயா?
* முழு அடைப்பையும் மாற்ற வேண்டுமா, பழுதுபார்த்தால் போதுமா?
* இந்த இடத்துக்கு இந்தப் பொருள் ஏன்? இதன் குறை என்ன?
* வேலை முடியும் வரை பல் ஈரமாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?
* வேர் சிகிச்சை என்றால், எத்தனை நாளுக்குள் கேப் போட வேண்டும்? செலவை முன்கூட்டியே மொத்தமாகச் சொல்ல முடியுமா?

டாக்டரிடம் நாம் சொல்ல வேண்டியவையும் உண்டு. தினமும் சாப்பிடும் மாத்திரைகள், தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம், வெற்றிலை பாக்கு, வாயில் ஒதுக்கிவைக்கும் மிட்டாய். அடைப்பின் ஆயுளில் இவற்றுக்கும் பங்கு இருக்கிறது.

புதுக் கேப் வைத்த மறுவாரம், விடுமுறைக்கு வந்திருந்த பேத்தியின் வாயை டார்ச் அடித்துப் பார்த்தார் டீச்சர். ஆறு வயது முடிந்திருந்தது. கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் புதிதாகக் கடைவாய்ப்பல், பள்ளம் பள்ளமாக. மறுநாளே கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பள்ளங்களில் 'சீலன்ட்' என்ற மெல்லிய பிசினை ஊற்றி மூடினார்கள். பியூனகோரின் அதே அமில வித்தைதான். பல்லைக் குடையவே வேண்டாம், ஊசியும் இல்லை. ஒரு பல்லுக்குச் சில நிமிடம்.

சீலன்ட்டும் நிரந்தரம் இல்லை. ஓரத்தில் பெயர்ந்திருந்தால் உடனே திரும்பப் பூச வேண்டும். ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தேதியை மகளின் போனில் அலாரமாகவே போட்டுக் கொடுத்திருக்கிறார் டீச்சர்.